அரை டம்ளர்

கரியாலூர்
8.6.2025

அன்புள்ள அருள்மொழிக்கு,

இந்தக் கடிதத்தை ஓடும் பேருந்தில் உட்கார்ந்து எழுதியதாக நீ நினைக்கலாம். இல்லை. பள்ளி விடுதியில் என் அறையில், மேசை மேல், வலது மணிக்கட்டை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

கை நடுங்குகிறது என்றதும் உனக்கு என்ன தோன்றும் என்று தெரியும். இருந்தாலும் மேலே படி.

ஏப்ரலில் சென்னைக்குப் போய் நரம்பியல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். நான் பயந்துகொண்டிருந்த பார்க்கின்சன் இல்லையாம். வெறும் நடுக்கம்தான், உயிருக்கு ஒன்றும் ஆகாது என்றார். இரண்டு வகை மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று என் இளைப்புக்கு ஆகவில்லை. மற்றதைப் போட்டுக்கொண்டால் வகுப்பில் பையன்களுக்கு முன்னால் நான் தூங்கிவிடுகிறேன்.

இப்போது புதிதாக ஒரு சிகிச்சை வந்திருக்கிறது. மண்டையைத் திறப்பதில்லை. ஸ்கேன் எடுக்கப் பயன்படுத்தும் அதே அல்ட்ராசவுண்ட் அலைதான். ஆயிரம் இடத்திலிருந்து அனுப்பி, மூளைக்குள் ஒரே புள்ளியில் சேரவைத்து, அந்தப் புள்ளியை மட்டும் சுட்டுவிடுகிறார்கள். வெயிலில் லென்ஸ் பிடித்துத் தாளைக் கருக்கிக் காட்டுவேனே ஏழாம் வகுப்புக்கு, அது மாதிரி.

எனக்கு அதைச் செய்யும்வரை வாரம் ஒரு பக்கம் கையால் எழுதி, படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்பது மருத்துவர் உத்தரவு. நடுக்கம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பாராம். எதையாவது பார்த்து எழுதினாலும் போதும் என்றார். எனக்கு உனக்கு எழுதத் தோன்றியது. பயப்படாதே, அவர் ஆந்திராக்காரர், தமிழ் படிக்க வராது. வெள்ளிமலை போகும் வழியில் போன் சிக்னல் கிடைக்கும் திருப்பத்தில் நின்று படத்தை அனுப்பிவிட்டு, அசலை உனக்குத் தபாலில் போடுகிறேன்.

கேட்க வந்தது இதுதான். ஆகஸ்டில் தேதி தருவார்கள். கூட ஒருவர் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். சட்டப்படி நீ இன்னும் என் மனைவி. வருவாயா?

வெற்றிவேல்


கள்ளக்குறிச்சி
16.6.2025

திரு. வெற்றிவேல் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. படிக்க நேரம் ஆனது. கையெழுத்தால் மட்டும் அல்ல.

இந்த வாரம் முழுக்கச் சங்கராபுரம் பக்கம் எங்கள் புள்ளியியல் அலுவலகத்தின் பயிர் அறுவடைப் பரிசோதனை. இன்சூரன்சுக்கு விளைச்சல் குறைவாகக் காட்ட வேண்டும் என்று விவசாயிகள் காய்ந்த மூலையைக் காட்டுகிறார்கள். "மேடம், இந்தாண்ட கயிறு கட்டுங்க, அந்தாண்ட சேறு ஜாஸ்தி" என்று அக்கறையாகச் சொல்வார்கள். குலுக்கலில் எண் விழுந்த இடத்தில்தான் நான் கயிறு கட்டுவேன். உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன்.

வயிற்றில் குழந்தையைப் பார்க்கும் அலையால் மூளையைச் சுடுவார்கள் என்பதை இப்போதைக்கு நம்புவதாக வைத்துக்கொள்வோம். அந்த மருத்துவமனையில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள்? எத்தனை பேருக்கு நின்றது? எத்தனை பேருக்குத் திரும்ப வந்தது? சுடக்கூடாத இடத்தைச் சுட்டுவிட்டால் என்ன ஆகும்? "நல்ல பலன்" என்று சொல்வார்கள். அது பதில் இல்லை, எண்ணைக் கேளுங்கள்.

இன்னொன்று. மூன்று வருடம் முன்பு என் அண்ணன் மகன் கல்யாணத்தில் நீங்கள் பன்னீர்ச் செம்பைப் பிடித்து நின்றபோது, அது தாம்பாளத்தில் கடகடவென்று அடித்துக்கொண்டது. "மாப்ள காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டாரு" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. நான் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றும் இந்த வெறும் நடுக்கம்தானா?

உங்கள் மகள் செல்வி நன்றாக இருக்கிறாள். பல் மருத்துவம் மூன்றாம் ஆண்டு. இந்த வருடத்திலிருந்து நோயாளிகளைப் பார்க்கிறாள்.

அருள்மொழி


கரியாலூர்
22.6.2025

அன்புள்ள அருள்மொழிக்கு,

எண் கேட்டாய். இதுவரை முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தொரு பேருக்கு நன்றாகக் குறைந்துவிட்டது. நாலு பேருக்குப் பாதி. மூன்று பேருக்கு ஒரு வருடத்தில் பழையபடி வந்துவிட்டது. சிலருக்கு உதடு மரத்துப் போகும், சிலருக்கு நடக்கும்போது கொஞ்ச நாள் தள்ளாடும். நான் தள்ளாடி நடந்தால் யாருக்கும் புதிதாக இருக்காது.

ஒரு கைக்கு மட்டும்தான் செய்வார்கள். எனக்கு வலது கை. அதற்கும் மண்டை எலும்பு அலையை உள்ளே விட வேண்டும். சிலர் மண்டை விடாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். மருத்துவர் என் மண்டையை ஸ்கேன் செய்துவிட்டு, "எல்லையில்தான் இருக்கு, முயற்சி பண்ணலாம்" என்றார். என் மண்டைக்குள் எதுவும் ஏறாது என்று நீ சொல்லிக்கொண்டிருந்ததை இயந்திரம் பாதிதான் ஒத்துக்கொண்டது.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாய். அன்று நான் குடிக்கவில்லை. ஊரடங்கில் கடையை மூடினார்களே, அதோடு விட்டது. திறந்த பிறகும் நான் போகவில்லை. கல்யாணத்தன்று விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இந்த நடுக்கத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு டம்ளர் சாராயம் உள்ளே போனால் ஒரு மணி நேரம் அடங்கிவிடும். எந்த மாத்திரையும் அப்படி அடக்கவில்லை. கடலூரில் ஒரு பயிற்சி வகுப்பில் கூட இருந்தவர்கள் ஊற்றிக் கொடுத்தபோது தற்செயலாகக் கண்டுபிடித்தேன். அதன் பிறகு கரும்பலகையில் எழுத வேண்டுமானால் கொஞ்சம், சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டுமானால் கொஞ்சம். குடித்த காலத்தில் குடிக்காதவன் மாதிரி இருந்தேன். விட்ட பிறகுதான் ஊர் என்னைக் குடிகாரன் என்றது.

சாட்சி கேட்பாய். இங்கே சமையல் செய்யும் பெரியம்மாளை இன்று கேட்டேன், "நான் குடிச்சி நீ பாத்திருக்கியாம்மா?" என்று. "பாக்கல சாரு. ஆனா கை அந்த ஒதறு ஒதறுதே, எங்கயோ மறைச்சி வெச்சிக் குடிக்கறாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். இவ்வளவுதான் என்னிடம் இருக்கும் சாட்சி.

வெற்றிவேல்


கள்ளக்குறிச்சி
1.7.2025

வெற்றிவேல் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பெரிய மேசை மேல் வைத்துவிட்டு நான்கு நாள் அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். அலுவலகத்தில் ஒரு கூட்டல் இரண்டு முறை தப்பானது. பொதுவாக எனக்கு அப்படி ஆகாது.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். சாராயம் நடுக்கத்தை அடக்கும் என்பது உண்மைதான். குடிப்பதால் நடுக்கம் என்று நான் நினைத்தேன், நடுக்கத்தால் குடி என்று நீங்கள் சொல்கிறீர்கள். எது முன்னால், எது பின்னால் என்று பார்க்காமல் முடிவு சொல்லாதே என்பது நான் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். அதை நான் என் வீட்டில் செய்யவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் நடுக்கம் முதல் டம்ளரைத்தான் விளக்கும். நான்காவது டம்ளரை விளக்காது. செல்வியின் பத்தாவது பிறந்தநாளில் கேக் மேசையோடு நீங்கள் சரிந்தது நடுக்கத்தால் இல்லை.

அந்தக் கட்டுரைகளில் இன்னொன்றும் இருந்தது. இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. உங்கள் இரண்டு கடிதங்களையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மண்டை எலும்பு வரைக்கும் எழுதிய நீங்கள் அந்த ஒரு வார்த்தையை எங்குமே எழுதவில்லை.

பதினான்கு வருடம் ஒன்றாக இருந்தோம். நான் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகும்போதுகூட, இது குடி இல்லை, வியாதி என்று ஏன் சொல்லவில்லை?

அருள்மொழி


கரியாலூர்
6.7.2025

அன்புள்ள அருள்மொழிக்கு,

இந்த வாரம் எழுத்து இன்னும் மோசமாக இருக்கும். மழை, குளிர், அதோடு உன் கேள்வி.

என் அப்பாவுக்கு இருந்தது. அவர் அப்பாவுக்கும் இருந்ததாம். பெண் பார்க்க வந்தபோது அப்பா வரவில்லை, கரும்பு வெட்டு என்று சொன்னோம். வெட்டு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அப்பா எட்டாவது படித்தவர். பேப்பரை வரி விடாமல் படிப்பார். பத்திரப் பதிவில் மட்டும் கைநாட்டு வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, நாலு பேர் முன்னால் பேனா ஆடக்கூடாது.

எங்கள் வீட்டில் யாருக்கும் முழு டம்ளர் காப்பி கொடுக்க மாட்டார்கள், நினைவிருக்கிறதா? நீ வந்த புதிதில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். எலவனாசூர்கோட்டைக்காரங்க பாதி டம்ளர்க் கஞ்சர்கள் என்று. அம்மாவும் கூடச் சிரிப்பாள். உள்ளே போனதும், "சிரிச்சிட்டுப் போவுது, கஞ்சப் பேருதானே" என்பாள். அரை டம்ளர் என்றால் தளும்பாது. எல்லோருக்கும் அரை டம்ளர் கொடுத்தால் யாருக்காகக் கொடுக்கிறார்கள் என்று தெரியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா அப்படித்தான் ஊற்றினாள்.

நீ போன அன்று நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். சொல்லிவிடத்தான் வந்தேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். "குடிகாரன் பொண்ணுன்னா எவனாவது கட்டிக்குவான்டா. அப்பன் குடிச்சான், பொண்ணு இன்னா பண்ணுச்சின்னு போயிடுவான். வம்சத்துல ஒதறல்னா வாசப்படி மிதிக்கமாட்டான். அவ போனா போவட்டும், பொண்ணு பேரு இருக்கட்டும்" என்றாள். செல்விக்கு அப்போது பன்னிரண்டு வயது. எனக்கு அது சரியாகத்தான் பட்டது, அருள். உன்னை விட்டதும் செல்விக்காகத்தான் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மா போய் நாலு வருடம் ஆகிறது. இப்போது தங்கை பெரியநாயகி அதையே சொல்கிறாள். அவள் மகளுக்கு இடம் பார்க்கிறார்கள். "அண்ணே, ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு போயி ஊரக் கூட்டிடாத" என்றாள். சிகிச்சைக்குத் தலையை மழிக்க வேண்டும் என்றேன். "அது ஒண்ணும் கவலையில்ல, வேண்டுதல்னு சொல்லிக்கலாம்" என்று உடனே வழி சொன்னாள்.

செல்விக்கு எதுவும் சொல்லாதே.

வெற்றிவேல்


கள்ளக்குறிச்சி
21.7.2025

அன்புள்ள வெற்றிவேல்,

அரை டம்ளர்க் கதையை என் அலுவலகத்தில் இருபது வருடமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். புது ஆட்கள் வந்தால் கேட்டுச் சொல்ல வைப்பார்கள். இனி சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது.

செல்வி இரண்டு நாள் லீவில் வந்திருந்தாள். காலையில் காப்பி போட்டு வைத்தேன். அடுப்படிக்கு வந்தவள் டம்ளரை எடுக்கவில்லை. அதை மேடை மேலேயே சாய்த்து, பாதியைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, பிறகுதான் எடுத்தாள். இரண்டு கையாலும். "ஏன்டி?" என்றேன். "உடம்பு ஏறுதும்மா, கம்மி பண்றேன்" என்றாள். போன தீபாவளிக்கும் அப்படித்தான் செய்தாள். நான் அப்போது நம்பினேன்.

அவள் காப்பி குடிக்கத் தொடங்கியது உங்கள் வீட்டை விட்டு வந்த பிறகுதான். யாரும் அவளுக்கு அரை டம்ளர் கொடுத்துப் பழக்கவில்லை. தானாகவே கண்டுபிடித்துக்கொண்டாள்.

நான் எதுவும் கேட்கவில்லை. நோயாளியின் வாய்க்குள் ஊசியும் இயந்திரமும் வைக்கும் வேலைக்குப் படிக்கிறவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் யார் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது.

நான் சென்னைக்கு வருகிறேன். கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் மண்டையை அசையாமல் பிடிக்கும் கூட்டை மாட்டும்போது பக்கத்தில் நிற்கிறேன். அதற்கு ஒரு நிபந்தனைதான். பிறகு நீங்கள் செல்வியிடம் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். இது எப்போது தொடங்கியது, எப்படி மறைத்தோம், இப்போது என்ன செய்யலாம், எல்லாவற்றையும். நான் சொன்னால் அது செய்தி. நீங்கள் சொன்னால்தான் அவளுக்குத் துணை.

அதுவரை, அப்பாவுக்குச் சென்னையில் ஒரு சிகிச்சை என்று மட்டும் அவளிடம் சொல்லி வைக்கிறேன்.

அருள்மொழி


கரியாலூர்
27.7.2025

அன்புள்ள அருளுக்கு,

சொல்கிறேன். உன் மேல் ஆணை என்று எழுத வந்தேன், அது உனக்குப் பிடிக்காது. சொல்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்கிழமை. ஆடி மாதம் என்று பெரியநாயகி முணுமுணுக்கிறாள். நான் செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் மலையிலிருந்து இறங்கி வந்துவிடுகிறேன்.

செல்வி இதை எத்தனை நாளாக மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நான் தொடங்கியதும் அந்த வயதில்தான்.

வெற்றிவேல்


கரியாலூர்
17.8.2025

அன்புள்ள அருளுக்கு,

இதோ பார். ஒரு பக்கத்துக்கு எட்டு நிமிடம். மணி பார்த்து எழுதினேன். மணிக்கட்டைப் பிடிக்கவில்லை.

நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாய், உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. கூட்டின் நாலு திருகையும் முறுக்கும்போது மட்டும் வலி. பிறகு தலையைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர்ப் பை. குழாய்க்குள் தள்ளினார்கள். ஒவ்வொரு முறை அலை அனுப்பும்போதும் தலைக்குள் இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி சூடு, பத்து நொடி. படுத்திருக்கும் நான் மலைப் பாதையில் பின்பக்கமாக உருளுவது போல ஒரு சுற்றல். வெளியே இழுத்துப் பலகையைக் கொடுத்து, "சுருள் போடுங்க" என்பார்கள். முதல் சுருள் முள்வேலி மாதிரி இருந்தது. மூன்றாவதில் வேலி கொஞ்சம் தளர்ந்தது. ஏழாவது முறை போட்டுவிட்டு நானே நம்பவில்லை. கொசுவர்த்திச் சுருள் மாதிரி அத்தனை ஒழுங்கு. மருத்துவர், "பேர் எழுதுங்க" என்றார். நான் உன் பெயரை எழுதினேன். அந்தப் பெண் டெக்னீஷியன், "சார், உங்க பேர" என்றாள்.

உதடு ஓரம் இன்னும் மரத்திருக்கிறது. திரும்பும்போது இடது பக்கம் சாய்கிறேன். ஒரு மாதத்தில் போய்விடுமாம். இடது கை பழையபடிதான் ஆடுகிறது. அதைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வலது கையால் கரும்பலகை நிறைய எழுதினேன். பையன்கள் பாடத்தைக் கவனிக்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள். பெரியம்மாள் எனக்கு டம்ளர் வழிய ரசம் ஊற்றிவிட்டு, சிந்துகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

உன் வீட்டில் இருந்த மூன்று நாளும் நன்றாக இருந்தது. நீ அதிகம் பேசவில்லை. அதுவும் நன்றாக இருந்தது.

வெற்றிவேல்


கள்ளக்குறிச்சி
21.8.2025

அன்புள்ள வெற்றிவேல்,

கடிதம் வந்ததும் உறையைப் பார்த்து யாரோ தெரியாதவர் எழுதியது என்று நினைத்தேன். இது எனக்குத் தெரியாத கையெழுத்து. கல்யாணத்துக்கு முன்பே உங்களுக்கு நடுக்கம் இருந்திருக்கிறது, அதனால் நான் இதைப் பார்த்ததே இல்லை. அழகாக இருக்கிறது.

முப்பத்தொரு பேரில் நீங்களும் ஒருவர் என்று இப்போதே சொல்ல மாட்டேன். ஒரு வருடம் போகட்டும். ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அந்த ஏழாவது சுருளைத் திரையில் பார்த்தபோது, பக்கத்தில் இருந்த நர்சின் கையைப் பிடித்துக்கொண்டேன். அது யார் என்றுகூட எனக்குத் தெரியாது.

நீங்கள் மலைக்குப் போன மறுநாளும் இருவருக்கு அரிசி களைந்துவிட்டேன். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

செல்வியிடம் எப்போது பேசப் போகிறீர்கள்?

அருள்மொழி


கரியாலூர்
24.8.2025

அன்புள்ள அருளுக்கு,

வெள்ளிக்கிழமை, ஆவணி பதிமூன்று, பெரியநாயகி மகளுக்கு நிச்சயதார்த்தம். எலவனாசூர்கோட்டையில் எங்கள் வீட்டில்தான். நீயும் செல்வியும் கட்டாயம் வர வேண்டும் என்று பெரியநாயகியே சொன்னாள். அன்று மாலை செல்வியிடம் சொல்லிவிடுகிறேன். அவளிடம் போனிலும், "அப்பா உங்கிட்ட ஒண்ணு பேசணும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. கீழே வர மாறுதல் கேட்கலாமா? தீபாவளிக்குப் பிறகு கலந்தாய்வு இருக்கும் என்கிறார்கள். சங்கராபுரத்தில் ஓர் இடம் காலியாகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து போய் வரலாம். நீ சரி என்றால்தான் மனு போடுவேன்.

வெற்றிவேல்


கள்ளக்குறிச்சி
2.9.2025

செல்வியின் அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை நடந்தது உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் நான் பார்த்த விதத்தில் எழுதிவிடுகிறேன். எழுதாமல் என்னால் உட்கார முடியவில்லை.

நான் உள்ளே நுழைந்ததும் பெரியநாயகி என் காதோடு சொன்னாள். "அண்ணி, எவனோ மாப்ள வூட்டுல ஓதிட்டான், பொண்ணோட மாமனுக்குக் கை ஒதறும், வம்சத்துலயே இருக்குதுன்னு. அதான் பத்திரிகைய அண்ணன் கையாலயே எழுதச் சொல்லியிருக்கேன். கண்ணால பாத்துக்கினு போவட்டும்."

மஞ்சள் தடவிய தாளைப் பலகையில் வைத்து நீங்கள் எழுதினீர்கள். பதினேழு வரி. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. இடது கை பைக்குள் இருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா எட்டிப் பார்த்து, "சாரு எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குதுங்க" என்றார். பிறகு உங்கள் மூன்று வார முடியைப் பார்த்து, "மொட்டை எந்த சாமிக்குங்க?" என்றார். "அய்யனாருக்கு ஒரு வேண்டுதல் இருந்துதுங்க. நெறவேறிட்டுது" என்றீர்கள்.

அதை நான் குற்றம் சொல்லவில்லை. உங்கள் தங்கை மகள் உள்ளே பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். சபையில் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை. தாம்பூலம் வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு நானும் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், அது என் கணக்கு.

அவர்கள் வேனில் ஏறிப் போனார்கள். பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது. செல்வி உங்களிடம் வந்து, "அப்பா, ஏதோ பேசணும்னீங்களே" என்றாள். அவள் இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். அங்கே நாம் மூன்று பேர்தான் இருந்தோம். பெரியநாயகிகூட இல்லை.

நீங்கள் வலது கையை நீட்டிக் காட்டினீர்கள். "ஒண்ணுமில்லம்மா. அப்பாவுக்குக் கை சரியாய்ட்டுது, பாத்தியா" என்றீர்கள்.

அவள் கையைப் பார்த்தாள். "சென்னைக்குப் போனது குடிய நிறுத்தற ஆஸ்பத்திரிக்குத்தானே? எனக்குத் தெரியும்பா. சந்தோஷம். இனிமே குடிக்காதீங்க" என்றாள்.

நீங்கள், "சரிம்மா" என்றீர்கள்.

பேருந்து தியாகதுருகம் தாண்டியது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் அப்பாவின் கைநாட்டு, அரை டம்ளர், நான் போன அன்று நீங்கள் வாசல் வரை வந்தது, எல்லாவற்றையும். அவள் அழவில்லை. துப்பட்டாவிலிருந்து கையை எடுத்து முன் சீட்டுக் கம்பி மேல் வைத்தாள். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. பேருந்து ஓடும்போதுகூடத் தனியாகத் தெரிந்தது. "குடிகாரரு பொண்ணு, ரத்தத்துலயே ஊறிப்போச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா. மூணு வருஷமா. யார்கிட்ட சொல்றது?" என்றாள்.

ஒன்பது வருடம் முன்பு நடுங்கிய கையைப் பார்த்து ஒரு முடிவு எடுத்தேன். தவறான முடிவு. இந்த முறை கை நடுங்கவே இல்லை, இருந்தும் அவளிடம் மறைத்தீர்கள். அதனால் மாறுதல் மனுவை எனக்காகப் போட வேண்டாம். அடுத்த பரிசோதனைக்குக் கூட ஆள் வேண்டும் என்றால் சொல்லுங்கள், வருவேன். வீட்டுக்கு வேண்டாம்.

நேற்று செல்வியை அதே மருத்துவரிடம் காட்ட நாள் வாங்கினேன். அவளுக்கு மாத்திரையே போதும் என்றும் சொல்லலாம், படிப்பில் வேறு பிரிவு எடுக்கச் சொல்லலாம். எதையும் இப்போது சொல்ல முடியாது. அவள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. எந்த வயதில் தொடங்கியது, முதலில் எந்த விரல், பரீட்சை எழுதும்போது என்ன செய்தீர்கள், பயமாக இருந்ததா. இவை கட்டுரைகளில் இல்லை.

போன் போட்டால் அவள் எடுக்க மாட்டாள். எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடிதம் வந்தால் பிரிப்பாள் என்று நினைக்கிறேன். இனி எனக்கு எழுத வேண்டாம். விடுதி முகவரியை இதுவரை நீங்கள் கேட்டதில்லை, அதனால் கீழே தருகிறேன்.

அருள்மொழி

வெ. செந்தமிழ்ச்செல்வி
மூன்றாம் ஆண்டு, பல் மருத்துவம்
மாணவியர் விடுதி, அறை எண் 27
சிதம்பரம்